விசாரணைக்கென்று தம்பியைக் கூட்டிப்போன பிறகு நாங்கள் தெரிந்துகொண்டவை

இதை எழுதச் சொன்னது தம்பிதான். "எழுதுக்கா, ஆனா என் பேரும் வேணாம், ஊர்ப் பேரும் வேணாம்" என்றான். அதனால் ஊர், காவல் நிலையம், அதிகாரிகள் எதுவும் பெயரோடு வராது. தென்மாவட்டத்தில் ஒரு சிறிய டவுன், 2021ஆம் வருஷத்தின் கடைசி மாதங்கள் என்பது போதும். அந்த ராத்திரி எனக்கு ஒரு போன் போட்டு இன்னின்னது செய் என்று சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் பாதிக் கஷ்டம் குறைந்திருக்கும். அப்படி ஒருவருக்காவது இது பயன்படட்டும்.

தம்பி ஒரு ஹார்டுவேர் கடைக்குக் குட்டியானை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். கடையில் செம்புக் கம்பிச் சுருள்கள் காணவில்லை என்று முதலாளி புகார் கொடுத்திருக்கிறார். சாயங்காலம் மஃப்டியில் இரண்டு பேர் வந்தார்கள். "சும்மா விசாரணைதாம்மா, ஒரு மணி நேரத்துல அனுப்பிருவோம்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அவனைப் பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் நானும் அம்மாவும் ஸ்டேஷனுக்குப் போனால், "அப்படி யாரையும் கூட்டிட்டு வரலையே, வேற ஸ்டேஷன்ல போய்ப் பாரும்மா" என்றார்கள். வாசல் படிக்குப் பக்கத்தில் அவன் செருப்பு கிடந்தது. போன தீபாவளிக்கு நான் வாங்கிக் கொடுத்தது. அதைக் காட்டி அழுத அம்மாவை ஒரு ஏட்டு வெளியே தள்ளிக் கொண்டுபோய் விட்டார்.

அன்றைக்கு எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. தெரிந்த ஒரே காரியம், ஸ்டேஷன் எதிரிலிருந்தே 100க்கு போன் செய்து, "என் தம்பியை இந்த ஸ்டேஷன்காரங்க கூட்டிட்டுப் போயிட்டு இல்லைங்கிறாங்க" என்று சொன்னது. எடுத்தவர் விவரம் கேட்டுக்கொண்டு வைத்துவிட்டார். யாரும் வரவில்லை. ஆனால் அந்த ஒரு போன் பிற்பாடு எங்களுக்கு எவ்வளவு பெரிய துணையாக நின்றது என்பதைக் கீழே சொல்கிறேன்.

இந்த இடத்தில் நின்று சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். விசாரணை என்ற பெயரில் ஒருவரை ராத்திரி முழுக்க வைத்திருக்கப் போலீசுக்கு அதிகாரம் இல்லை. கைது என்றால் கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தில் ஒருவரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். கைது செய்கிறவர் சட்டையில் பெயர் தெரிய வேண்டும். எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதை உறவினருக்குச் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் போக, மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் இவற்றையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டது. பிறகு அவை குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே ஏறிவிட்டன. 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இருக்கின்றன: 36ஆம் பிரிவு கைதுக் குறிப்பு, 48 உறவினருக்குத் தகவல், 58 இந்த 24 மணி நேரக் கெடு. இன்னொன்று, பெண்களையும் 60 வயது தாண்டியவர்களையும் சாட்சி விசாரணைக்கென்று ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். அது 179ஆம் பிரிவு. மறுநாள் "அம்மாவை ஸ்டேஷனுக்கு அனுப்பு" என்று எனக்கு போன் வந்தபோது இது எனக்குத் தெரியாது.

இரண்டு ராத்திரி வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். கம்பிச் சுருள்கள் முதலாளியின் இன்னொரு குடோனிலேயே இருந்தனவாம். ஆட்டோவிலிருந்து இறங்கியவன் பாதத்தைத் தரையில் ஊன்ற முடியாமல் ஓரத்தால் நடந்தான். லாடம் கட்டியிருக்கிறார்கள். உள்ளங்காலில் அடித்தால் வெளியே காயம் தெரியாது என்பதற்காகச் செய்வது. வலது மணிக்கட்டு வீங்கித் தொங்கியது. தாகம் என்று கேட்டபோது என்ன சொன்னார்கள், என்ன செய்யச் சொன்னார்கள் என்பதை அவன் என்னிடம் சொல்லவே பல மாதம் ஆயிற்று. அதை இங்கே எழுத மாட்டேன். எனக்கு அப்போது வந்த ஆத்திரம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

முதலில் போன தனியார் எலும்பு டாக்டர், "போலீஸ் விவகாரம்னா ஜி.ஹெச். போயிருங்க" என்று அனுப்பிவிட்டார். அரசு மருத்துவமனையில் கேஷுவால்டியில் இருந்த இளம் டாக்டர் எங்களையும் வாசலில் நின்ற போலீசையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கீழ விழுந்ததுன்னு எழுதிக்கட்டுமா?" என்று கேட்டார். தம்பி வாயே திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த வயதான நர்ஸ் அம்மா ஒருவர் குனிந்து அவன் காதில், "என்ன நடந்துச்சோ அதச் சொல்லு ராசா. நீ சொல்றதத்தான் அவரு எழுதணும்" என்றார். அவர் யாரென்று இன்றுவரை தெரியாது. அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் எங்கள் வழக்கே இல்லை. "போலீஸார் லத்தியால் தாக்கியதாகக் கூறுகிறார்" என்று விபத்துப் பதிவேட்டில் ஏறியது.

ஆகவே இதை அழுத்திச் சொல்கிறேன். அடிபட்டவரை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். எங்கே, எப்போது, யார், எதனால் அடித்தார்கள் என்பதை டாக்டரிடம் அடிபட்டவரே சொல்ல வேண்டும். ஏ.ஆர். காப்பி என்று அவர்கள் சொல்லும் அந்த விபத்துப் பதிவேட்டின் நகலை எழுதிக் கேட்டு வாங்குங்கள். எக்ஸ்ரே, சிகிச்சைச் சீட்டு, மாத்திரைச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். காயங்களை முகமும் தெரிகிற மாதிரி ஒன்று, கிட்டத்தில் ஒன்று என்று போட்டோ எடுங்கள். உள்காயம் நிறம் மாறிக்கொண்டே போகும், அதனால் தினமும் எடுங்கள். ஆளை விடாமல் ரிமாண்டுக்குக் கொண்டுபோகிறார்கள் என்றால், மாஜிஸ்திரேட் "போலீஸ் அடிச்சாங்களா?" என்று கேட்கும் அந்த ஒரு நிமிஷம்தான் வாய்ப்பு. பின்னால் போலீஸ் நிற்கும்போது சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆனாலும் சொல்லச் சொல்லுங்கள், சட்டையை விலக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்த சில நாட்கள் பணம்தான் கரைந்தது. கோர்ட் வாசலில் ஒருவர் "ஹைகோர்ட்ல ரிட் போட்ருவோம், எஸ்.பி.யே ஓடி வருவாரு" என்று 15,000 ரூபாய் வாங்கினார். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. அதே வளாகத்தில், முப்பது அடி தள்ளி, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் கொடுக்க வேண்டும் என்று 1987ஆம் வருஷச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தாலும் போதும். ஒரு போர்டுகூடக் கண்ணில் படுகிற மாதிரி இல்லை. இந்த விவரம் ரேஷன் கடைச் சுவரில் எழுதிப்போட வேண்டிய விவரம் என்பது என் கருத்து.

என் தையல் கடைக்கு வரும் டீச்சர் ஒருவர் மூலமாகத்தான் மனித உரிமை அமைப்பு ஒன்றின் களப்பணியாளர் வந்தார். பஸ்ஸில் வந்து இறங்கினார், கையில் ஒரு நோட்டு. நான் அழுதுகொண்டே சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "அக்கா, இனிமே நமக்குப் பேப்பர்தான் பேசும். என்னென்ன இருக்கு, எடுத்து வைங்க" என்றார். அதுவரை எங்களுக்கு ஆறுதல் சொன்னவர்கள் நிறையப் பேர். காகிதம் கேட்ட முதல் ஆள் அவர்தான். அன்று ராத்திரியே உட்கார்ந்து மனு எழுதினோம், தமிழில், இரண்டு பக்கம். தேதி, நேரம், இடம், யார் என்ன செய்தார்கள் என்று நடந்த வரிசையில். பெயர் தெரியாதவர்களுக்கு அடையாளம். கேள்விப்பட்டதை நேரில் பார்த்ததாக எழுதவில்லை. ஆத்திரத்தில் நான் சேர்த்த நாலு வரியை அவர் மெதுவாக அடித்துவிட்டார். "ஒரு வரி மிகைன்னு நிரூபிச்சாங்கன்னா மத்த எல்லாத்தையும் பொய்யின்னுருவாங்க" என்றார்.

மனுவை மாநில மனித உரிமை ஆணையத்துக்கு அனுப்பினோம். அலுவலகம் சென்னை கிரீன்வேஸ் சாலையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. நகல்களை எஸ்.பி.க்கும் கலெக்டருக்கும் மாவட்ட முதன்மை நீதிபதிக்கும் மின்னஞ்சலிலும் தபாலிலும் அனுப்பி, ரசீதுகளை ஒரே கவரில் வைத்தோம். மின்னஞ்சலில் நேரம் பதிவாகிவிடும், அதை யாரும் மாற்ற முடியாது. ஆள் இன்னும் ஸ்டேஷனுக்குள்ளேயே இருக்கிறார் என்றால் அந்த நிமிஷமே செல்போனிலிருந்து அனுப்பிவிடுங்கள், நல்ல தமிழெல்லாம் தேவையில்லை. ஆளையே காட்டவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. எங்கள் பக்கத்துக்கு மதுரைக் கிளை.

இங்கே கவனிக்க வேண்டிய விதிகள் மூன்று. ஆணையங்கள் 1993ஆம் வருஷ மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நடக்கின்றன. அதன் 36ஆம் பிரிவுப்படி, சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் மனு போக வேண்டும். பயத்தில் ஒரு வருஷம் சும்மா இருந்துவிட்டு வந்தவர்கள் திரும்பிப் போனதை நான் பார்த்தேன். அதே பிரிவுப்படி, மாநில ஆணையத்தின் முன்னால் ஏற்கெனவே இருக்கும் விஷயத்தை தேசிய ஆணையம் எடுக்காது. ஆகவே இரண்டுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தேசிய ஆணையத்தின் எண் 14433, அங்கேயும் தமிழில் எழுதலாம். மூன்றாவது, அதே விஷயம் கோர்ட்டில் நிலுவையில் இருந்தால் ஆணையம் பெரும்பாலும் கை வைக்காது. அதனால் எதை முதலில் எங்கே போடுவது என்று தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் என்றால் அவர்களுக்கான ஆணையமும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கின்றன. 18 வயதுக்குக் கீழ் என்றால் குழந்தைகள் உரிமை ஆணையம்.

மனுவின் கடைசியில் களப்பணியாளர் தனியாக ஒரு பத்தி எழுதச் சொன்னார், சி.சி.டி.வி. பதிவைக் கேட்டு. 2020 டிசம்பர் 2ஆம் தேதி பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு காவல் நிலையத்திலும் வாசல், லாக்கப், வராந்தா, ஆய்வாளர் அறை எல்லாவற்றிலும் ஒலியும் சேர்ந்து பதிவாகும் கேமரா இருக்க வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கு வசதியில்லை என்றாலும் ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது என்று உத்தரவிட்டது. காவலில் பலத்த காயம் பட்டதாகப் புகார் வந்தால் ஆணையம் அந்தப் பதிவை உடனே வரவழைக்கலாம் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அதற்கு ஐந்தாறு மாதம் முன்னால்தான் சாத்தான்குளம். ஜெயராஜும் பென்னிக்ஸும் இறந்த பிறகு கோவில்பட்டி மாஜிஸ்திரேட் ஸ்டேஷனுக்கு விசாரிக்கப் போனால், கேமரா பதிவுகள் தினமும் தானாக அழிகிற மாதிரி வைத்திருந்தார்கள். அதனால்தான் நாள் கடத்தாமல், தேதியும் மணியும் போட்டு, "இந்த நேரத்துப் பதிவைப் பாதுகாத்து வைக்க உத்தரவிட வேண்டும்" என்று எழுதிக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்திலும் ஒரு மனு போடுங்கள். ஒருவருடைய உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று அதன் 7ஆம் பிரிவு சொல்கிறது. காவலில் ஆள் இருக்கும்போதே அதைப் பயன்படுத்தலாம்.

மனு போன பிறகு தொடங்கியதுதான் எங்களுக்கு உண்மையான சோதனை. வார்டு கவுன்சிலர் வந்தார், சித்தப்பா வந்தார், முதலாளியின் மச்சான் வந்தார். "ஐம்பதாயிரம் வாங்கிக் குடுக்குறோம், விட்ருங்க. பையன் நாளைக்கு வண்டி ஓட்ட வேணாமா?" ராத்திரி நேரத்தில் பைக்கில் வந்து தெருமுனையில் நிற்பார்கள். கஞ்சா கேஸ் போட்டுவிடுவார்கள் என்று அவன் கூட்டாளிகள் மூலமாகச் சேதி வந்தது. தெருவில் "தப்புப் பண்ணாதவன எதுக்கு அடிக்கப் போறாங்க" என்று பேசினார்கள். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வலித்தது. பிடிபட்டவர் கழிப்பறையில் வழுக்கி விழுந்து கை ஒடிந்ததாக ஒவ்வொரு முறை செய்தி வரும்போதும், மாவுக்கட்டுப் போட்ட படத்தைப் போட்டு நம் ஆட்கள் சிரிக்கிறார்கள். என் தம்பி கையிலும் அதே மாவுக்கட்டுதான் இருந்தது. குற்றம் செய்தவனா இல்லையா என்று கோர்ட் சொல்வதற்கு முன்னால் ஒரு கையை ஒடித்துவிட்டால், பிறகு நிரபராதி என்று தெரிந்தால் அந்தக் கையை யார் திருப்பித் தருவார்கள்?

அமைப்புகள் எதற்கு என்று எனக்குப் புரிந்தது அந்த வாரங்களில்தான். உண்மை அறியும் குழு என்று ஐந்தாறு பேர் வந்தார்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர், வழக்கறிஞர்கள், ஒரு டாக்டர். எங்களிடம் மட்டுமில்லை, தெருக்காரர்களிடமும் முதலாளியிடமும் பேசினார்கள், ஸ்டேஷனுக்கே போய் அவர்கள் தரப்பையும் கேட்டார்கள். அறிக்கை எழுதி எஸ்.பி.யிடம் கொடுத்தார்கள். அதோடு ராத்திரி வந்து நிற்பது நின்றது. அந்தக் குழு வந்து போனதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் போதும், கை தயங்கும். தமிழ்நாட்டில் 1995இல் மதுரையில் தொடங்கிய மக்கள் கண்காணிப்பகம், ஜெயப்பிரகாஷ் நாராயண் நெருக்கடிநிலைக் காலத்தில் 1976இல் தொடங்கிவைத்த மக்கள் சிவில் உரிமைக் கழகம், சாதிக் கொடுமைகளில் வேலை செய்யும் எவிடன்ஸ் போன்றவை இருக்கின்றன. மாதர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும்கூட இதைச் செய்கின்றன. இவர்கள் பணம் கேட்க மாட்டார்கள். கேட்கிறவர் வந்தால் சந்தேகப்படுங்கள். பேட்டி கொடுப்பதா வேண்டாமா, முகம் காட்டுவதா என்பதை அடிபட்டவர்தான் முடிவு செய்ய வேண்டும். எங்களுக்கு வந்தவர்கள் ஒவ்வொரு முறையும் தம்பியைக் கேட்டுவிட்டுத்தான் செய்தார்கள்.

ஆணையம் முதலில் மாவட்டக் காவல்துறையிடம்தான் அறிக்கை கேட்கும். அதற்காக எங்களை டி.எஸ்.பி. அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். இங்கே ஜாக்கிரதை. தனியாகப் போகாதீர்கள். அவர்களே தட்டச்சுச் செய்த வாக்குமூலத்தை நீட்டினால் முழுக்கப் படியுங்கள். எங்களுக்கு நீட்டிய தாளின் கடைசி வரி, "மேற்கொண்டு நடவடிக்கை தேவையில்லை" என்றிருந்தது. நாங்கள் கையெழுத்துப் போடாமல், கையோடு கொண்டுபோன எங்கள் வாக்குமூலத்தைக் கொடுத்து நகலில் முத்திரை வாங்கி வந்தோம். வரும் அறிக்கை, எதிர்பார்த்தபடியே, "மனுதாரர் கூறுவது உண்மைக்குப் புறம்பானது" என்றுதான் வரும். அதைப் படித்து மனம் உடைய வேண்டாம். அதற்கு மறுப்பு எழுத ஆணையம் நேரம் தரும். ஆணையத்துக்கென்றே தனிப் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது. அவர்களே வந்து விசாரிக்க வேண்டும் என்று மறுப்பிலேயே கேட்கலாம்.

அதன் பிறகு விசாரணை கோர்ட் மாதிரியே நடக்கும். ஆட்களுக்குச் சம்மன் அனுப்பவும் ஆவணங்களை வரவழைக்கவும் சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. உறுப்பினர் ஒருவர் முன்னால் சாட்சி சொல்ல வேண்டும், போலீஸ் தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை செய்வார். சென்னைக்குத்தான் போக வேண்டும் என்றில்லை, மதுரை போன்ற ஊர்களில் முகாம் அமர்வும் நடக்கும். எங்கள் பக்கம் தேதி போட்டால் வசதி என்று எழுதிக் கேட்டோம், கிடைத்தது. தம்பியை வக்கீல் முக்கால் மணி நேரம் உலுக்கினார். "லைசென்ஸ் இல்லாம வண்டி ஓட்டி ஃபைன் கட்டியிருக்கியா?" என்பது வரை கேட்டார். அன்றைக்கு அழைத்துவரவே இல்லை என்பதுதான் அவர்கள் வாதம். கேமரா பழுது என்றும் சொன்னார்கள். அப்போதுதான் நான் 100க்குப் போட்ட போன் வந்து நின்றது. கட்டுப்பாட்டு அறைப் பதிவை ஆணையம் வரவழைத்தது. என் எண், நேரம், நான் சொன்ன ஸ்டேஷன் பெயர் எல்லாம் அதில் இருந்தன. அழைத்துவராத ஒருவனைத் தேடி அவன் அக்கா அந்த ராத்திரியில் ஏன் போன் செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. அதோடு ஏ.ஆர். காப்பியும் சேர்ந்துகொண்டது.

இதற்கெல்லாம் வருஷங்கள் ஆயின. நடுவில் நான் சலித்துப்போய் "போதும், விட்ரலாம்" என்று சொன்ன நாட்கள் உண்டு. களப்பணியாளர் அப்போது வாச்சாத்தி பற்றிச் சொன்னார். 1992 ஜூனில் தர்மபுரி மாவட்டத்து மலைக் கிராமத்தில் வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் சேர்ந்து, பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்து ஊரையே சூறையாடிய வெறியாட்டம். மலைவாழ் மக்கள் சங்கம் விடாமல் பிடித்து நின்றது, தேசிய பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆணையம் விசாரித்தது, உயர் நீதிமன்றம் சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. 269 பேர் மேல் வழக்கு. 2011 செப்டம்பரில் தீர்ப்பு வந்தபோது 54 பேர் இறந்துபோயிருந்தார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள். 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தோரு வருஷம். "அந்தப் பொம்பளைங்க அத்தனை வருஷம் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்தாங்கக்கா" என்றார். அதற்குப் பிறகு நான் விடுவதைப் பற்றிப் பேசவில்லை.

2024 நடுவில் எங்கள் மனுவில் ஆணையத்தின் உத்தரவு வந்தது. மனித உரிமை மீறல் நடந்தது உண்மை, பாதிக்கப்பட்டவருக்கு அரசு 1 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும், அதை ஆய்வாளரிடமும் இரண்டு காவலர்களிடமும் பிடித்துக்கொள்ளலாம், துறை நடவடிக்கையும் எடுக்க வேண்டும். சட்டத்தில் இதற்குப் பரிந்துரை என்றுதான் பெயர். அதனால் அரசு கேட்டால் கேட்கும், இல்லாவிட்டால் இல்லை என்று பல வருஷமாக ஒரு வாதம் இருந்தது. 2021 பிப்ரவரி 5ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட முழு அமர்வு, ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும், அரசு இஷ்டத்துக்குத் தள்ள முடியாது, ஒப்பவில்லை என்றால் ரிட் போட்டுத்தான் கேட்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. இந்தத் தீர்ப்பை உங்கள் கவரில் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர் ரிட் போட்டார், இடைக்காலத் தடையும் வாங்கினார். எங்களுக்கு உயர் நீதிமன்ற சட்டப் பணிகள் குழு இலவச வழக்கறிஞர் கொடுத்தது. அடுத்த வருஷம் ரிட் தள்ளுபடியாயிற்று.

செலவையும் சொல்லிவிடுகிறேன். கை ஆபரேஷன், பிசியோதெரபி, பஸ், நகல், தபால், அந்த வக்கீலுக்குக் கொடுத்தது எல்லாமாக ஒன்றேகால் லட்சத்தை நெருங்கியது. அம்மா தோட்டை அடகு வைத்தோம், இன்னும் மீட்கவில்லை. தம்பி எட்டு மாதம் வேலைக்குப் போகவில்லை. வலது மணிக்கட்டு இப்போதும் முழுசாகத் திரும்பாது. இழப்பீடு அந்தச் செலவைக்கூட ஈடுகட்டவில்லை. இருந்தாலும் அந்த உத்தரவில் "மனுதாரர் கூறுவது நம்பத்தகுந்ததாக உள்ளது" என்று இருந்த வரியைத் தம்பி போனில் படம் எடுத்து வைத்திருக்கிறான்.

ஆணையம் யாரையும் ஜெயிலுக்கு அனுப்பாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வாக்குமூலம் வாங்க அடிப்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 330, 331ஆம் பிரிவுகள், இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 120. அதற்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தனிப் புகார் கொடுக்க வேண்டும், எங்களுடையது இப்போது அங்கே இருக்கிறது. அரசு ஊழியர் மேல் வழக்கு நடத்த முன் அனுமதி வேண்டும் என்று அவர்கள் தடை கிளப்புகிறார்கள். சித்திரவதைக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. ஐ.நா.வின் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997 அக்டோபரில் கையெழுத்துப் போட்டதோடு சரி, இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் இறந்த செய்தியைப் பார்த்தபோது, அன்று ராத்திரி தம்பி தூங்கவே இல்லை. அங்கேயும் ஒருவர் ஒளிந்து நின்று செல்போனில் எடுத்த காணொளிதான் பேசியது.

தொகை வந்த பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது, பலரும் அதைச் செய்வதில்லை. இழப்பீடு முதலில் அரசுப் பணத்திலிருந்துதான் வரும், அதாவது நம் வரிப்பணம். அடித்தவரின் சம்பளத்தில் அதைப் பிடித்தார்களா, துறை நடவடிக்கையில் குற்றக் குறிப்பாணை கொடுத்தார்களா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டிக் கேளுங்கள். நாங்கள் கேட்டோம். முதல் பதில் மழுப்பலாக வந்தது, மேல்முறையீடு செய்தோம். போன மாதம் பதில் வந்திருக்கிறது: மூன்று பேர் சம்பளத்திலும் மாதத் தவணையாகப் பிடிக்கிறார்கள், குறிப்பாணை கொடுத்து விசாரணை நடக்கிறது. அந்த விசாரணையில் சாட்சி சொல்லத் தம்பிக்கு அழைப்பு வந்திருக்கிறது. போகிறான்.